லைன்ல பாதி காலியாத்தானே இருக்கு, இப்ப எதுக்கு மாத்தணும்?

டிரான்ஸ்மிஷன் லைன், அதாவது டவர் மேல ஊருக்கு கரண்ட் கொண்டு வர்ற பெரிய லைன், அதோட அப்கிரேடுக்கு பிளான் போட்டு மீட்டிங்ல வைக்கிறப்பல்லாம் முதல்ல வர்ற கேள்வி இதுதான். “இருக்குற லைன்லயே அறுபது பர்சன்ட்தான் லோடு ஓடுது, நாப்பது பர்சன்ட் சும்மா கிடக்கு, அப்புறம் என்ன அவசரம்?” கேக்குறவங்க மேல தப்பே இல்ல, தண்ணி டேங்க்கை பாத்துப் பழகின கண்ணுக்கு அப்படித்தான் தோணும். ஆனா இந்த ஒரு கணக்கு ஜனங்களுக்கு புரிஞ்சிட்டா எத்தனையோ ஊர்ல வேலை நேரத்துக்கு நடக்கும்னு நம்புறேன், அதான் எழுதுறேன்.

ஒரு ஊருக்கு ரெண்டு சர்க்யூட், அதாவது ரெண்டு தனித்தனி லைன், வருதுன்னு வெச்சுக்கோங்க. ஒவ்வொண்ணும் 600 ஆம்ப் தாங்கும். ஊரோட பீக் லோடு 720 ஆம்ப், அப்போ ஒரு லைனுக்கு 360, அதாவது 60 பர்சன்ட். பாக்க நல்லாத்தான் இருக்கு. இப்ப ஒரு லைன்ல இடி விழுந்து டிரிப் ஆகுது, அதாவது தானா கட் ஆகுது. அந்த நொடியே மொத்த 720-ம் இன்னொரு லைன் மேல வந்துடும், அது தாங்குறதோ 600, கொஞ்ச நேரத்துல ஆளுங்க லோடை குறைக்கலைன்னா அதுவும் போயிடும், ஊரே இருட்டு. அதனால ரெண்டு லைன் இருக்குற இடத்துல ஐம்பது பர்சன்ட்ங்குறதே முழு பர்சன்ட் மாதிரிதான். ஒண்ணு போனாலும் மிச்சம் இருக்குறது சுமக்கணும், இதைத்தான் நாங்க என் மைனஸ் ஒன் (N-1)னு சொல்றது, உலகம் முழுக்க இந்த விதிப்படிதான் கிரிட் பிளான் பண்றாங்க.

இதுவரைக்கும் நிறைய பேருக்கு சொன்னா புரிஞ்சிடும். இதுக்கு அடுத்த படிதான் மீட்டிங்ல யாரும் யோசிக்காதது. ஒரு லைனை மாத்தணும்னா அந்த லைனை நிறுத்தணும். பழைய கண்டக்டரை, அதாவது கரண்ட் போற கம்பியை, இறக்கி, புதுசை இழுத்து, தொய்வு சரிபாத்து, கிளாம்ப் போட்டு முடிக்க ஒருநாள் ரெண்டுநாள் ஆகாது, வாரக்கணக்குல ஆகும். அத்தனை நாளும் ஊர் ஒத்தை லைன்ல ஓடணும், அந்த ஒத்தை லைன் டிரிப் ஆனா கைகொடுக்க வேற வழி கிடையாது. அதனால லோடு கம்மியா இருக்குற குளிர்ந்த மாசங்கள்லதான் ஷட்டவுன் கிடைக்கும், அதுலயும் நாலு தடவை கேட்டா ரெண்டு தடவை கேன்சல் ஆகும், கேங்கு ஆளுங்க எல்லாம் டவர் அடியில வந்து உக்காந்திருப்பாங்க, லைன் கிளியர், அதாவது லைனை நிறுத்தியாச்சு, வேலை பாக்கலாம்ங்குற அனுமதி, வராது. லோடு இன்னும் ஏறிட்டா எந்த மாசத்துலயும் நிறுத்த முடியாத நிலைமை வந்துடும். அதாவது லைன் நெறஞ்ச பிறகு மாத்தலாம்னு காத்திருந்தா, நெறஞ்ச அன்னைக்கு மாத்துற வாய்ப்பே போயிருக்கும்.

இது வெறும் தியரி இல்ல. 2012 ஜூலை 30 அதிகாலைல இந்தியாவோட வடக்கு கிரிட் விழுந்தப்போ, பீனா - குவாலியர் - ஆக்ரா 400 கேவி வழியில ஒரு சர்க்யூட்டை 765 கேவிக்கு மாத்துறதுக்காக நிறுத்தி வெச்சிருந்தாங்க. மிச்சம் இருந்த சர்க்யூட் சுமை தாங்காம டிரிப் ஆகுறதுல ஆரம்பிச்சது. அது மட்டுமே காரணம் இல்ல, சில மாநிலங்கள் அளவுக்கு மேல கரண்ட் இழுத்ததும் சேர்ந்துதான், ஆனா அப்கிரேடுக்காக நிறுத்தின நேரத்துல கையில மார்ஜின் இல்லைன்னா என்ன ஆகும்னு அதுல தெரியும். மறுநாள் மறுபடியும் விழுந்தப்போ 60 கோடிக்கு மேல ஜனங்க பாதிக்கப்பட்டாங்க.

நியூசிலாந்துல ஆக்லாந்து நகரத்து மையப்பகுதிக்கு நாலு 110 கேவி கேபிள்தான் கரண்ட் கொண்டு வந்துச்சு. 1998 ஜனவரில ஒண்ணு போச்சு, பிப்ரவரி முடியுறதுக்குள்ள நாலும் போச்சு. தற்காலிகமா ஒரு ஓவர்ஹெட் லைன் கட்டி நிலைமை சரியாக அஞ்சு வாரம் ஆச்சு, அதுவரைக்கும் ஜெனரேட்டரை நம்பித்தான் கடைத்தெருவும் ஆபீசும். “எல்லாத்தையும் மண்ணுக்கு அடியில கேபிளா போட்டுட்டா பிரச்சனை முடிஞ்சுது”ன்னு சொல்றவங்களுக்கு நான் சொல்றது இதைத்தான். மேல போற கம்பியை காத்து ஆத்தும், கீழ போற கேபிளோட சூட்டை மண்ணுதான் வாங்கிக்கணும், மண்ணு காஞ்சு போச்சுன்னா சூடு வெளிய போகாது, பழுது வந்தா எந்த இடம்னு கண்டுபிடிச்சு தோண்டி ஜாயின்ட் போட நாளாகும். நெரிசலான இடத்துல கேபிள் வேணும்தான், ஆனா அதுக்கும் ஒண்ணு போனா இன்னொண்ணுங்குற கணக்கு வேணும்.

சரி, என்ன வழி இருக்கு? புது டவர் போட இடம் இல்லாத ஊர்ல இப்ப அதிகமா பண்றது கண்டக்டரை மட்டும் மாத்துறது. பழைய கம்பில வெளிய அலுமினியம், நடுவுல ஸ்டீல். அலுமினியம் கரண்டை கடத்தும், ஸ்டீல் எடையைத் தாங்கும். 75, 85 டிகிரிக்கு மேல சூடானா ரொம்ப நீண்டு கீழ தொங்கிடும். புதுசா வர்ற ஹை டெம்பரேச்சர் லோ சேக் கண்டக்டர்ல நடுவுல கார்பன் ஃபைபர், இல்லைன்னா இன்வார்ங்குற உலோகக் கலவை மாதிரி சூட்டுக்கு அவ்வளவா நீளாத பொருள் இருக்கும், 150 டிகிரிக்கு மேல போனாலும் தொய்வு கட்டுக்குள்ள நிக்கும், அதே டவர்ல ஒன்றரை மடங்கு, சில இடத்துல ரெண்டு மடங்கு வரைக்கும் கரண்ட் கொண்டு போகலாம்.

ஆனா கம்பி மட்டும் லைன் இல்ல. நான் வேலை பாத்த ஒரு லைன்ல கண்டக்டரை மாத்தி லைன்ல கரண்ட் விட்டு சந்தோஷமா இருந்தோம். அன்னைக்கு சாயங்கால பீக்ல சப்ஸ்டேஷன்ல தெர்மல் கேமரா வெச்சு பாத்தா, ஒரு ஐசொலேட்டர் (லைனைப் பிரிச்சு விடுற பெரிய ஸ்விட்ச்) கான்டாக்ட் மட்டும் சூடேறி ஸ்க்ரீன்ல வெள்ளையா எரியுது, பக்கத்துல இருக்குற ரெண்டு பேஸும் ஊதா கலர்ல சாதாரணமா இருக்கு. பழைய ஐசொலேட்டர், பழைய சிடி (கரண்டை அளக்குற டிரான்ஸ்ஃபார்மர்), ரெண்டையும் பிளான்ல சேர்க்காம விட்டிருந்தாங்க. 1200 ஆம்ப் போற கம்பியை வெச்சுக்கிட்டு அடுத்த ஷட்டவுன் கிடைக்கிற வரைக்கும் 600-லயே ஓட்டினோம். அந்த ஷட்டவுன் கிடைக்க எத்தனை மாசம் அலைஞ்சோம்னு நெனச்சா இப்பவும் வயித்தெரிச்சலா இருக்கு.

இன்னொண்ணு, லைனுக்கு அடியில வீடு கட்டுறது. ஒரு தடவை கிளியரன்ஸ், அதாவது கம்பிக்கும் கீழ இருக்குறதுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளின்னு, அளக்கப் போனப்போ லைனுக்கு நேர் கீழ மூணாவது மாடிக்கு கம்பி கட்டிக்கிட்டிருந்தாங்க. வீட்டுக்காரர் பெரியவர், “தம்பி, கம்பி எங்கயோ இருக்கு, கைய நீட்டினாகூட எட்டாது, ஏன் பயமுறுத்துறீங்க”ன்னாரு. “ஐயா, நீங்க பாக்குறது காலைல இருக்குற உயரம், மத்தியான வெயில்ல முழு லோடு ஓடுறப்போ இதே கம்பி ஒண்ணு ரெண்டு மீட்டர் இறங்கும், அதோட 110 கேவில தொடவே வேணாம், பக்கத்துல இரும்புக் கம்பிய தூக்கிப் பிடிச்சாலே காத்தை உடைச்சிட்டு பாஞ்சிடும்”னு சொன்னேன். அவர் கையில அப்போ எட்டடி முறுக்குக் கம்பி இருந்துச்சு, மெதுவா கீழ படுக்கப் போட்டாரு.

கீழ இருக்குற இடம் அவ்வளவு முக்கியம். 2003 ஆகஸ்ட் 14 அமெரிக்கா, கனடா பிளாக்அவுட்ல ஓஹையோல 345 கேவி லைனுங்க ஒண்ணு ஒண்ணா மரத்துல பட்டுத்தான் டிரிப் ஆச்சு. முதல்ல மரத்துல பட்ட லைன்ல அதோட ரேட்டிங்ல பாதி லோடுகூட ஓடல. கம்பில காலி இருந்துச்சு, கம்பிக்கு கீழதான் இடம் இல்ல. சுமார் 5 கோடி பேருக்கு கரண்ட் போச்சு.

அதனால வளர்ற ஊர்ல இருக்குறவங்க ரெண்டு விஷயம் கேளுங்க. நகர மாஸ்டர் பிளான் வரைவு பார்வைக்கு வைக்கிறப்போ, ரோடு எங்க, பார்க் எங்கன்னு பாக்குற மாதிரி கரண்ட் லைனுக்கு காரிடார் எங்க ஒதுக்கியிருக்குன்னு பாருங்க, ஒதுக்கலைன்னா எழுதிக் கொடுங்க. ஒரு அடுக்குமாடி ரெண்டு மூணு வருஷத்துல எழும்பிடும், ஏசியும் சார்ஜரும் அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும், ஆனா ஒரு லைனுக்கு சர்வே, அனுமதி, இழப்பீடு, கட்டுமானம்னு அதைவிட ரொம்ப அதிக வருஷம் ஆகும். ரெண்டாவது, உங்க ஏரியால லைன் வேலைக்கு ஷட்டவுன்னு அறிவிப்பு வந்தா, ஏன் எதுக்குன்னு கேளுங்க, தாராளமா கேளுங்க, ஆனா தள்ளிப்போடச் சொல்லி அழுத்தம் கொடுக்காதீங்க. அடுத்த தேதி அடுத்த வருஷத்துலதான் கிடைக்கும்.

நானும் இப்பல்லாம் ரிப்போர்ட்ல முதல் வரியா லோடு பர்சன்ட்டை எழுதுறதில்ல. இந்த லைனை எந்த வருஷம் வரைக்கும் நிறுத்தி வேலை பாக்க முடியும்னு எழுதுறேன். போன தடவை அதை வாசிச்சப்போ யாரும் நாப்பது பர்சன்ட் காலியான்னு கேக்கல, அந்த வருஷத்துக்குள்ள மூணாவது சர்க்யூட்டை எந்தப் பக்கமா கொண்டு வரலாம்னு மேப்பை விரிச்சாங்க.