மெழுகுதிரியில் எரிவது திரி இல்லை

தீப்பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகும் இடமெல்லாம் என் பையில் ஒரு மெழுகுதிரியும் நெருப்புப்பெட்டியும் இருக்கும். பவர்பொயின்ட் ஓடவிட்டால் ஆட்கள் போனை எடுத்துவிடுகிறார்கள், மெழுகுதிரியைக் கொளுத்தினால் எடுப்பதில்லை, அவ்வளவுதான் காரணம். அண்மையில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்காரருக்கு வகுப்பு எடுத்தபோதும் இதைத்தான் செய்தேன். "இதில என்ன எரியுது?" என்று கேட்டேன். முன்னால் இருந்த ஐயா "திரிதானே தம்பி" என்றார், பின்வரிசை அன்ரி ஒருவர் "இல்லை, மெழுகு" என்றார். இரண்டு பேருக்கும் பாதிப் புள்ளி கொடுத்தேன்.

ஃபேனை நிற்பாட்டிவிட்டு மெழுகுதிரியை ஊதி அணைத்தேன். திரியிலிருந்து வெள்ளைப் புகை நூல் மாதிரி மேலே போகும், பார்த்திருப்பீர்கள். எரிகிற குச்சியைத் திரியில் படாமல், ஓர் அங்குலம் மேலே அந்தப் புகைக்குள் பிடித்தால் போதும், சுடர் புகையைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடிவந்து திரியில் உட்கார்ந்துவிடும். பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் "இன்னொருக்கா" என்று கேட்பார்கள்.

மெழுகு உருகித் திரி வழியாக ஏறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவிதான் காற்றிலுள்ள ஒட்சிசனோடு கலந்து எரிகிறது. அணைத்த பிறகு வரும் வெள்ளைப் புகை, எரியாமல் தப்பிய மெழுகாவி குளிர்ந்து நுண்துளியானது. 1860ஆம் ஆண்டு டிசம்பரில் லண்டனில் தொடங்கிய சிறுவர் விரிவுரைகளில் விஞ்ஞானி மைக்கேல் பரடே இதே ஆவியைச் சுடரின் நடுவிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் இழுத்து, குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டியிருக்கிறார். சுடரின் நடுவில் கறுப்பாகத் தெரியும் இடத்தில் நெருப்பே இல்லை, எரியக் காத்திருக்கும் வாயுதான் இருக்கிறது.

சரி, மெழுகுதிரி இருக்கட்டும். மெத்தை, திரைச்சீலை, சோபா, பலகை எதுவாக இருந்தாலும் சுடர்விட்டு எரியும்போது கதை இதேதான். சூட்டில் பொருள் சிதைந்து வாயு வெளியே வருகிறது, அது எரிகிறது. எல்லாம் எரிந்து முடிவதில்லை. மிச்சம் கரும்புகையாக மேலே போய்க் கூரைக்குக் கீழே தேங்குகிறது. ஆட்கள் அதைக் குப்பை என்று நினைக்கிறார்கள், நான் அதை எரிபொருள் என்று சொல்வேன். 500, 600 பாகை செல்சியஸ் அளவுக்கு அது சூடேறினால் அறை முழுவதும் ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதனால்தான் "மூலையிலதானே எரியுது, அலுமாரியில இருக்கிற பாஸ்போட்டை எடுத்திட்டு வாறன்" என்று திரும்பிப் போகிறவர்களை நினைத்தால் எனக்கு வயிறு கலங்கும்.

நெருப்பு நெருங்கும் முன்பே ஆளை முடிப்பது பெரும்பாலும் புகைதான். அதிலுள்ள காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினோடு அந்த ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், தூங்குகிறவரை எழுப்பாது. சுடரே தெரியாத இடத்திலும் வரும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், புறக்கோட்டையில் ஒரு கடையின் பின்னறையில் பெற்றோல் ஜெனரேட்டரை வைத்து, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு இரண்டு பொடியன்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையிடி, சத்தி. பசி என்று நினைத்து பிளேன்டீ குடித்திருக்கிறார்கள்! முதலாளி தற்செயலாக வந்து வெளியே இழுத்துப்போட்டு 1990 அம்புலன்சுக்கு அடித்ததால் தப்பினார்கள்.

இங்கே இன்னொரு பழைய நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ஊரில் கிணறு துப்புரவாக்க இறங்குமுன் விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பார்கள், எரிந்தால் இறங்கலாம் என்று. ஒட்சிசன் காற்றிலுள்ள 21 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 16க்கு இறங்கினால் சுடர் அணையும், அந்த அளவில் விளக்கு உண்மை சொல்லும். ஆனால் காபனோரொட்சைட்டு ஆளைக் கொல்லும் அளவில் இருந்தாலும் விளக்கு அமைதியாக எரிந்துகொண்டே இருக்கும். எஞ்சின் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டிவிட்டுப் பின்னாலேயே இறங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

அப்புறம் காஸ் சிலிண்டர். 2021 நவம்பர், டிசம்பரில் நாடு முழுக்க அடுப்பும் சிலிண்டரும் வெடித்தபோது எல்லோரும் ரெகுலேட்டரில் சவர்க்கார நுரை தடவிப் பார்த்தார்கள், இப்போது யாரும் பார்ப்பதாகத் தெரியவில்லை. சிலிண்டருக்குள் இருப்பது திரவம், வெளியே வந்தால் ஏறத்தாழ 250 மடங்காக விரியும். காற்றில் சுமார் 2 முதல் 9 சதவீதம் வரை கலந்தால் பற்றும், அதாவது கொஞ்சமே போதும். அதிலுள்ள புரொப்பேனும் பியூட்டேனும் காற்றைவிடக் கனமானவை என்பதால் தரையோடு ஊர்ந்து அலுமாரிக்குக் கீழேயும் வடிகானுக்குள்ளும் போய்ப் படுத்துக்கொள்ளும். வகுப்பில் அந்த அன்ரியிடம் "காஸ் மணத்தால் முதலில் என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். "குசினி எக்ஸோஸ்ட் ஃபேனைப் போடுவன்" என்றார். ஃபேன் இருப்பது சுவரின் உச்சியில், காஸ் இருப்பது காலடியில், நடுவில் சுவிட்சின் தீப்பொறி. போடவும் வேண்டாம், ஏற்கெனவே ஓடுவதை நிற்பாட்டவும் வேண்டாம். எட்டினால் ரெகுலேட்டரை மூடி, கதவு யன்னலைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து, அங்கிருந்துதான் போன். தீயணைப்புக்கு 110.

வீட்டுக்குள் தீ என்றால் கதை வேறு. வெளியேறும்போது அறைக்கதவைச் சாத்திவிட்டு வரவேண்டும், புதுக்காற்று உள்ளே போகாது, புகையும் வெளியே வராது.

அன்று வகுப்பு முடிந்து படியால் இறங்கினேன். நாலாம் மாடியில் தானாக மூடும் புகைத்தடுப்புக் கதவைத் திறந்தபடி நிறுத்த ஒரு பூச்சாடி வைத்திருந்தார்கள். காவலாளியிடம் கேட்டால் "காத்து வரட்டும் எண்டு ஐயாதான் வைச்சவர்" என்றார். எந்த ஐயா என்று பார்த்தால், முன்வரிசையில் இருந்த அதே ஐயா. சாடியை நானே தூக்கி ஓரமாக வைத்தேன், கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. இரண்டு கிழமை கழித்து இன்னொரு வேலையாக அங்கே போனேன், சாடி பழைய இடத்தில் நின்றது, புதுசாக ஒரு பூவும் பூத்திருந்தது.