அரசு வீட்டுப் பணம் வருவதற்குள்: இடைவெளியை அடைக்கும் சங்கக் கடன்

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு அரசு ஒதுக்கும் தொகை 3.5 லட்சம் ரூபாய். 360 சதுர அடி வீடு, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம். பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் நம் மதுரையைப் போன்ற சமவெளிப் பகுதிக்கு 1.20 லட்சம். கான்கிரீட் தளத்துக்கென்று தமிழக அரசு அதற்கு மேல் தனியாகக் கொடுக்கிறது, கழிப்பறைக்கு 12,000 ரூபாய் தனி. ஆணை கைக்கு வந்த அன்றைக்கே "உனக்கு வீடு வந்துருச்சு" என்று ஊரே சொல்லும். ஆனால் பணம் எப்போது வரும் என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

வேலை முடிய முடியத்தான் பணம். பேஸ்மட்டம் முடிந்தால் ஒரு பில், லிண்டல் மட்டம் வந்தால் ஒரு பில், தளம் போட்டால் ஒன்று, பூச்சு முடிந்து குடியேறும் நிலைக்கு வந்தால் கடைசி. ஒவ்வொரு கட்டத்திலும் ஓவர்சியர் வந்து பார்த்து, செல்போனில் இடத்தோடு சேர்த்துப் படம் எடுத்துப் பதிவேற்றிய பிறகே பயனாளியின் வங்கிக் கணக்கில் தொகை ஏறும். திட்டத்தில் சிமெண்டும் கம்பியும் துறை மூலமே கிடைத்தால் அதற்கான விலையைக் கழித்துக்கொள்வார்கள். அரசுப் பணம் வீணாகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது, அதில் தவறில்லை. ஆனால் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும். ஜல்லிக்கும் எம்-சாண்டுக்கும் லாரிக்காரரிடம் கடன் சொல்ல முடியாது. லிண்டலிலிருந்து தளம் போடும் வரைக்கும்தான் இழுபறி அதிகம். சென்ட்ரிங் பலகையும் முட்டும் வாடகைக்கு வந்து இறங்கிவிட்டால், கான்கிரீட் போடத் தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும்.

கையில் ஒரு அறுபதாயிரம் இருந்தால் சமாளித்துவிடலாம் என்ற இந்த இடத்தில்தான் பலர் வட்டிக்காரரிடம் போகிறார்கள். அஞ்சு வட்டிக்கு 60,000 வாங்கினால் மாதம் 3,000 வட்டி. அடுத்த பில் வர நான்கு மாதம் ஆனால் 12,000 போய்விட்டது, அசல் அப்படியே நிற்கிறது. அதே தொகையை ஒரு வட்டிக்கு மகளிர் குழுவில் வாங்கியவர் நான்கு மாதத்துக்குக் கட்டும் வட்டி 2,400. வித்தியாசம் 9,600 ரூபாய். ஏழைக் குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டுப்படியாகிறதா இல்லையா என்பதை மானியத் தொகை மட்டும் தீர்மானிப்பதில்லை, இந்த இடைக்காலக் கடனும் தீர்மானிக்கிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது. ஆனால் அவசரத்துக்குக் கடன் கொடுக்க வேறு ஆள் இல்லாத ஊரில் சட்டம் மட்டும் போதாது.

அந்த வேறு ஆள்தான் குழு, சங்கம் போன்ற லாப நோக்கமில்லாத கடன் அமைப்பு. மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. 1990-ல் அலங்காநல்லூர்ப் பக்கம் தொடங்கிய களஞ்சியம் மகளிர் குழுக்கள் இந்த வழியில்தான் வளர்ந்தன. 1997-ல் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு உருவான தானம் அறக்கட்டளை இப்போது அவற்றை வழிநடத்துகிறது. குழுப் பெண்கள் மாதாமாதம் சேமிக்கிறார்கள், அந்தப் பணத்தைத் தங்களுக்குள்ளேயே சுழற்றுகிறார்கள், போதாதபோது குழுவின் பேரில் வங்கியில் வாங்குகிறார்கள். நபார்டு வங்கி குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை 1992-ல் கொண்டுவந்த பிறகு அந்தக் கதவு அகலமாகவே திறந்தது. மகளிர் திட்டத்தின் கீழ் இயங்கும் சுய உதவிக் குழுக்களும் இப்படித்தான். இவை போக, கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவான நிறுவனங்கள் உண்டு. அவை லாபத்தைப் பங்குதாரருக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது, திரும்ப அந்தப் பணிக்கே போட வேண்டும்.

இவர்களால் எப்படிக் குறைந்த செலவில் கடன் கொடுக்க முடிகிறது? குழுவில் நீங்கள் கட்டும் வட்டி குழுவின் நிதியிலேயே சேர்கிறது, வருஷக் கடைசியில் அது உங்கள் பணமும்தான். அறுபதாயிரம், எண்பதாயிரம் என்ற சின்ன வீட்டுக் கடனுக்காக வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து, மதிப்பீட்டாளர் என்று அலைய வைப்பது வங்கிக்கும் கட்டாது, வாங்குபவருக்கும் கட்டாது. குழுவுக்கோ ஆளைத் தெரியும். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் கட்டுப் பூ விற்கிறவருக்குச் சம்பளச் சான்று கிடையாது. ஆனால் முகூர்த்த மாதத்தில் கை புரளும், ஆடியில் வறண்டுவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியும். தவணையை அதற்கேற்ப வைக்கலாம்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். லாப நோக்கமில்லை என்ற பெயரே குறைந்த வட்டிக்கு உத்தரவாதம் இல்லை. வங்கியில் வாங்கித்தான் பல அமைப்புகள் கடன் கொடுக்கின்றன, வீடு வீடாக வரும் பணியாளர் சம்பளமும் அதிலிருந்துதான். ஆகவே வட்டி எத்தனை சதவீதம் என்று கேட்டதும் நின்றுவிடாதீர்கள். நிலையான வட்டியா (கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி), குறையும் அசலுக்கு வட்டியா (கட்டியது போக மீதிக்கு மட்டும் வட்டி) என்று அடுத்ததாகக் கேளுங்கள். ஒரு லட்சம், மூன்று வருடம், 12 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். நிலையான வட்டி என்றால் மாதத் தவணை சுமார் 3,778, மொத்த வட்டி 36,000. குறையும் அசலுக்கு என்றால் தவணை சுமார் 3,321, மொத்த வட்டி 19,600-க்குள். சதவீதம் ஒன்றே, கட்டுவதில் 16,000-க்கு மேல் வித்தியாசம். நிலையான 12 சதவீதம் உண்மையில் 21 சதவீதத்துக்குச் சமம்.

ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டுவந்த நுண்கடன் விதிகள் இங்கே உங்களுக்குத் துணை. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் நுண்கடனுக்கு அடமானம் கூடாது, அதாவது பட்டாவையோ பத்திரத்தையோ கேட்கக் கூடாது. எல்லாக் கடனுக்குமான மாதத் தவணை சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் கிடையாது. 100 கோடிக்குக் கீழ் சொத்துள்ள 8-ஆம் பிரிவு நிறுவனங்களுக்கு ரிசர்வ் வங்கிப் பதிவிலிருந்து விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த விலக்குக்கே அடமானமில்லாத கடன், பாதி வருமான வரம்பு இரண்டும் நிபந்தனை.

பிரதமரின் ஊரகத் திட்டத்தில் பலரும் கேட்காமலே விடும் ஒரு வசதியும் உண்டு. விருப்பப்படும் பயனாளிக்கு 70,000 ரூபாய் வரை நிறுவனக் கடன் கிடைக்க அதிகாரிகள் உதவ வேண்டும் என்பது திட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் ஆணை வாங்கும் அன்றே இதைக் கேட்டு வையுங்கள்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. செல்லூர், அவனியாபுரம் போன்ற இடங்களில் வீடு வாங்கவோ கட்டவோ கடன் எடுப்பவர்கள், 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டம் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் பெறலாம். ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நாட்டில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது. வீட்டின் விலை 35 லட்சத்துக்கும், கடன் 25 லட்சத்துக்கும் மேல் போகக் கூடாது. முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருடத் தவணைகளில் கடன் கணக்கில் வரும். இது திட்டத்தில் சேர்ந்துள்ள வங்கி, வீட்டுக் கடன் நிறுவனம், கூட்டுறவு வங்கி மூலம் எடுத்தால் மட்டுமே. சங்கத்திலோ குழுவிலோ வாங்கும் கடனுக்குப் பொருந்தாது.

இவ்வளவும் இடம் இருந்தால்தான். களஞ்சியத்தின் முகமாக நாடே அறிந்த பத்மஸ்ரீ சின்னப்பிள்ளை அம்மாவுக்கே 2024 வரை அரசு வீடு அமையவில்லை. செய்தி வெளியான பிறகு, இருந்த ஒரு சென்ட் இடத்தோடு கூடுதல் இடமும் வீடும் கொடுக்க முதலமைச்சர் உத்தரவிட்டார். ஆயிரக்கணக்கான பெண்களுக்குச் சேமிப்பும் கடனும் கற்றுக்கொடுத்தவர் வீட்டுக்காக அத்தனை காலம் காத்திருந்தது என்னை இன்னும் வருத்துகிறது. எந்தச் சங்கக் கடனும் பட்டா இல்லாத குறையைத் தீர்க்காது. கூட்டுப் பட்டாவாக இருந்தால் வீட்டுத் திட்டத்துக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்பே இ-சேவை மையத்தில் உட்பிரிவு செய்து தனிப் பட்டாவுக்கு மனுச் செய்யுங்கள். நத்தமா புறம்போக்கா என்று சந்தேகம் இருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுத் தெளியுங்கள். அது தீராமல் அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டாதீர்கள்.

குழுக் கடன் வாங்கும்போது அரசுப் பில் எந்தக் கட்டத்தில் எவ்வளவு வரும் என்பதைக் குழுக் கூட்டத்திலேயே சொல்லி, பில் வந்ததும் அசலில் ஒரு பகுதியை அடைப்பதாகத் தீர்மான நோட்டில் எழுதிக்கொள்வது நல்லது. அடமானம் வைத்து வங்கியிலோ வீட்டுக் கடன் நிறுவனத்திலோ வாங்கியிருந்தால், கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு உண்டு, 2023 டிசம்பர் முதல் இதுதான் விதி. வங்கி, பதிவு பெற்ற நிதி நிறுவனம் மீது புகார் என்றால் ரிசர்வ் வங்கியின் 14448 எண்ணில் வழி கேட்கலாம். கந்துவட்டி மிரட்டலுக்கு, காவல் நிலையம் போக, திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம்.