மார்க்ட் என்னும் பட்டம்: சந்தை நகராட்சியா, சந்தைப் பேரூரா?

“மிட்டன்வால்ட், ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள ஒரு சந்தை நகராட்சி ஆகும்.” இந்த அச்சில் வார்த்த வாக்கியங்கள் தமிழில் பெருகிவிட்டன. ஊர்ப்பெயர் மாறும், ‘சந்தை நகராட்சி ஆகும்’ மட்டும் மாறாது. பயணக் குறிப்பிலும் அதே, ஊர் வரலாற்றிலும் அதே, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் பற்றிய வாழ்க்கைக் குறிப்பிலும் அதே. அவர் 1927 ஏப்ரல் 16 அன்று ‘இன்’ என்னும் ஆற்றின் கரையில் மார்க்ட்ல் என்னும் ‘சந்தை நகராட்சியில்’ பிறந்தாராம். நகராட்சியில் யாரும் பிறப்பதில்லை. அங்கே பிறப்பைப் பதிவுதான் செய்வார்கள்.

ஜெர்மன் மூலச் சொல் ‘மார்க்ட்’. முழுப் பெயராகச் சொன்னால் ‘மார்க்ட்கெமைண்டெ’. மார்க்ட் என்பது வணிகத்தைக் குறிக்கும் ‘மெர்காத்துஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் அடியில் சரக்கைக் குறிக்கும் ‘மெர்க்ஸ்’ இருக்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் மார்க்கெட்டும் இதே குடும்பம்தான். எல்லைப் பகுதியைக் குறிக்கும் ‘மார்க்’ என்ற ஜெர்மன் சொல் வேறு, அதற்கும் இதற்கும் உறவில்லை. ‘கெமைண்டெ’ என்பது ‘பொதுவான’ என்று பொருள்படும் அடியில் பிறந்தது. ஊர்ப்பொது, ஊர்ச்சமூகம், அதை ஆளும் அமைப்பு என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல். வேர்ச்சொல் ஆராய்ச்சி இவ்வளவு போதும். சிக்கல் வேரில் இல்லை.

இடைக்காலப் பவேரியாவின் லத்தீன் ஆவணங்களில் குடியிருப்புகள் மூன்று வகையாகப் பேசப்படுகின்றன. ‘வில்லா’ என்றால் சிற்றூர். ‘கிவித்தாஸ்’ என்றால் நகரம். இரண்டுக்கும் நடுவே நிற்பது ‘ஃபோரும்’. அதைத்தான் ஜெர்மனில் மார்க்ட் என்றார்கள். சந்தை கூட்டிக்கொள்ளும் உரிமையை அரசனோ கோமகனோ ஆயரோ (பிஷப்) ஓர் ஊருக்கு வழங்குவார். அதோடு சொந்த மன்றம், சிறு வழக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் அதிகாரம் போன்றவையும் ஒட்டிக்கொண்டு வரும். நகரத்துக்குரிய முழுத் தகுதியும் கற்கோட்டைச் சுவரும் பெரும்பாலும் வராது. நகரம் எழுப்பச் செலவு அதிகம். மார்க்ட் ஆக்க ஓர் ஓலை போதும். பவேரியக் கோமகன்கள் இந்த இடைநிலை ஊர்களைத் தாராளமாக உண்டாக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இன்று அந்த உரிமைகளுக்கு நடைமுறை மதிப்பு எதுவும் இல்லை. பவேரிய உள்ளாட்சிச் சட்டப்படி மார்க்ட் என்பது ஒரு பெயர்த்தகுதி. பழைய சட்டப்படி அதைப் பெற்றிருந்த ஊர்கள் வைத்துக்கொள்ளலாம். புதிதாக வேண்டுமென்றால் மாநில உள்துறை அமைச்சகம் வழங்கும். ஏறத்தாழ 2,050 உள்ளாட்சிகள் உள்ள மாநிலத்தில் 380க்கும் மேற்பட்டவை இந்தப் பட்டத்தைச் சுமக்கின்றன. மன்றத்துக்கு ‘மார்க்ட் மன்றம்’ என்று பெயர். அலுவலகப் பலகையில் ஊர்ப்பெயருக்கு முன்னால் ‘மார்க்ட்’ என்று எழுதிக்கொள்ளலாம். அவ்வளவுதான். ஊரில் சந்தை கூட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

மிட்டன்வால்டின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். கார்வெண்டல் மலையடிவாரத்தில், ஈசார் ஆற்றின் கரையில், ஆஸ்திரிய எல்லையை ஒட்டி இருக்கும் ஊர். மக்கள்தொகை ஏழாயிரத்துச் சொச்சம். இத்தாலியிலிருந்து ஆல்ப்ஸ் கடந்து ஆக்ஸ்பர்குக்குப் போகும் பழைய வணிகப் பாதை இதன் ஊடாகத்தான் போனது. இதை ஆண்டவர்கள் பவேரியக் கோமகன்கள் அல்லர், ஃப்ரைசிங் ஆயர்கள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அவர்கள் ஆட்சிதான். தெற்கே ஆல்ப்ஸ் மலைநாடான திரோல், ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கையில்.

1487இல் திரோலை ஆண்ட சிகிஸ்முண்டுக்கும் வெனிசுக்கும் சண்டை மூண்டது. போட்சன் நகரச் சந்தைக்கு வந்திருந்த வெனிசிய வணிகர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சிகிஸ்முண்ட் பிடித்துச் சிறையில் அடைத்தார். இன்று இத்தாலியில் போல்சானோ என்று அழைக்கப்படும் அதே ஊர்தான் போட்சன். இப்படிப்பட்ட இடத்தில் எந்த வணிகன் மறுபடி கடை விரிப்பான்? வெனிசியர்கள் சந்தையையே தூக்கிக்கொண்டு வடக்கே வந்தார்கள். திரோலின் பிடிக்கு வெளியே, அதே பாதையில், ஆயரின் ஆட்சியில் இருந்த மிட்டன்வால்ட் அவர்களுக்கு வசதியாக அமைந்தது. ‘போட்சன் சந்தை’ என்ற பெயர் மாறாமலே அந்தச் சந்தை 1679 வரை மிட்டன்வால்டில் நடந்தது. வண்டி கட்டும் உரிமை உள்ளூர் வண்டிக்காரர் கூட்டமைப்பிடம். வந்த சரக்கு கிடங்கில் இறங்கி, அவர்கள் வண்டியில்தான் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஈசார் ஆற்றில் தெப்பம் கட்டி மியூனிக் வரை சரக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஊருக்கு நல்ல வாழ்வு.

1679இல் சந்தை போட்சனுக்கே திரும்பிவிட்டது. ஊர் நொடித்தது. அதே காலத்தில்தான் மத்தியாஸ் க்ளோட்ஸ் என்பவர் இத்தாலியின் பாதுவா நகரில் லூட் என்னும் நரம்பிசைக் கருவி செய்யும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, வயலின் செய்யத் தொடங்கினார். மலைச்சரிவில் ஸ்ப்ரூஸ் மரமும் மேப்பிள் மரமும் இருந்தன. கை சும்மா இருந்தது. மகன்களும் அக்கம்பக்கத்தாரும் கற்றுக்கொண்டார்கள். வயலின்களை முதுகில் சுமந்து ஊர் ஊராக விற்றார்கள். 1858இல் வயலின் செய்யும் பள்ளி வந்தது. அது இன்றும் நடக்கிறது. தேவாலயத்தின் முன் க்ளோட்ஸுக்குச் சிலை இருக்கிறது. வீட்டுச் சுவர்களில் 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள், தவக்காலத்துக்கு முந்தைய வியாழக்கிழமை மரமுகமூடி போட்டு மணி கட்டி ஆடும் ஆட்டம், இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து இறங்கும் மாடுகள் என்று ஊருக்கு வேறு அடையாளங்களும் உண்டு. 1987இல், வெனிசியர் வந்த 500ஆம் ஆண்டை ஒட்டிப் பழைய சந்தையைத் திருவிழாவாக நடத்தினார்கள். அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்துகிறார்கள்.

வெனிசியர் வருவதற்கு முன்பே மிட்டன்வால்ட் மார்க்ட்தான். வெனிசியர் போன பிறகும் மார்க்ட்தான். பெருஞ்சந்தை வந்து போனதற்கும் பட்டத்துக்கும் தொடர்பில்லை. ‘சந்தை நகராட்சி’ என்று படிக்கும் தமிழ் வாசகருக்கு இந்தச் செய்தியில் ஒரு துளியும் போய்ச் சேராது. ஏதோ காய்கறிச் சந்தையை நகராட்சி ஏலம் விட்டு நடத்துகிறது என்று அவர் நினைத்தால் அது அவர் குற்றம் அன்று.

இந்தச் சொல்லாக்கம் எப்படிப் பிறந்திருக்கும் என்று ஊகிப்பது எளிது. ஜெர்மன் சொல்லை யாரோ ஆங்கிலத்தில் ‘மார்க்கெட் முனிசிபாலிட்டி’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தார்கள். அந்த ஆங்கிலத்தை யாரோ, அல்லது ஏதோ ஒரு இயந்திரம், தமிழில் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. இரண்டு கை மாறியதில் பொருள் கொட்டிப்போனது. ஆங்கிலத்தில் அந்த இரண்டாம் சொல் சிறிய ஊரின் உள்ளாட்சிக்கும் பொருந்தும், பெரிய நகரத்தின் உள்ளாட்சிக்கும் பொருந்தும். தமிழில் நகராட்சி அப்படி நெகிழாது. தமிழ்நாட்டில் ஊராட்சிக்கு மேலே பேரூராட்சி, அதற்கு மேலே நகராட்சி, அதற்கும் மேலே மாநகராட்சி. நகராட்சி என்றதும் வாசகர் மனத்தில் ஓர் அளவு வந்துவிடுகிறது. ஏழாயிரம் பேர் வாழும் மிட்டன்வால்டும், மூவாயிரம் பேருக்கும் குறைவான மார்க்ட்லும் அந்த அளவில் அடங்குமா? மேலும் நகராட்சி என்பது ஆளும் அமைப்பு. ஜெர்மனில் ஊருக்கும் அமைப்புக்கும் ஒரே சொல் இருக்கலாம். தமிழில் ஊர் வேறு, ஊராட்சி வேறு. ‘நகராட்சியின் மலைகள்’, ‘நகராட்சியின் வயலின் கலைஞர்கள்’ என்றெல்லாம் எழுதும்போது காது கூசவில்லையா?

எல்லாவற்றுக்கும் மேலாக, ‘நகர்’ என்ற பாதியே இங்கே தவறு. மார்க்ட் என்றால் நகரம் ஆகாத ஊர் என்பதுதான் அந்தச் சொல்லின் உயிர். கார்மிஷ்-பார்ட்டன்கிர்ஷன் 1936 குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். அதற்காகவே 1935இல் இரண்டு ஊர்கள் ஒன்றாக்கப்பட்டன. இன்று 27,000 பேர் அளவில் வாழ்கிறார்கள், மாவட்டத் தலைமையிடமும் அதுவே. ஆனாலும் அது நகரம் இல்லை, மார்க்ட். அதே பவேரியாவில் ஆயிரம் பேர் அளவே உள்ள ரோட்டன்ஃபெல்ஸ் முறைப்படி நகரம். வடக்கே ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் உள்ள ஆர்னிஸில் முந்நூறு பேர்கூட இருப்பார்களோ என்னவோ, அதுவும் நகரம். எண்ணிக்கையைப் பார்த்துப் பட்டம் மாற்றுவதில்லை என்பதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் ‘நகரம்’ என்று போட்டுத் தள்ளும் மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வேறுபாடு கண்ணிலேயே படாது.

மாற்று என்ன? சிலர் ‘சந்தைப்பேட்டை’ என்பார்கள். அழகான சொல், ஆனால் சந்தை கூடும் திடலுக்கு அது ஏற்கெனவே பெயராகிவிட்டது. வெறும் ‘பேட்டை’ என்றால் இன்று தொழிற்பேட்டையும் லாரிப் பேட்டையும் நினைவுக்கு வரும். தனித்தமிழ் நண்பர்கள் ‘அங்காடி நகர்’ என்பார்கள். நாளங்காடி, அல்லங்காடி என்று புகாரின் பெருமையையும் எடுத்துவைப்பார்கள். பெருமை உண்மைதான். இன்றைய அங்காடி நிலையான கடையாகிவிட்டதே! பல்பொருள் அங்காடி என்று பலகை மாட்டிய இடத்தில் வாரச்சந்தை கூடுவதில்லை. மார்க்ட் உரிமை என்பது குறித்த நாளில் வாங்குவோரும் விற்போரும் கூடும் உரிமை. அதற்குத் தமிழில் சந்தை என்ற சொல்லே பொருத்தம். தூய்மைக்காகத் தெளிவைக் கைவிட நான் தயாரில்லை.

சோழர் கல்வெட்டுகளில் ‘நகரம்’ என்பதற்கு வணிகர் குடியிருப்பு, அதை நடத்தும் வணிகர் அவை என்று பொருள் உண்டு. ஊரை ஊரார் நடத்தியது போல நகரத்தை நகரத்தார் நடத்தினார்கள். மார்க்டுக்கு இதைவிட நெருங்கிய பழஞ்சொல் கிடைக்காது. ஆயினும் அந்தப் பொருள் வழக்கிலிருந்து போய்ப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இன்று நகரம் என்று எழுதிவிட்டு ‘இது கல்வெட்டு நகரம்’ என்று அடிக்குறிப்பா போட முடியும்?

ஆகவே நான் பரிந்துரைப்பது ‘சந்தைப் பேரூர்’. சங்கப் பாடல்களில் சீறூரும் பேரூரும் எதிரெதிராக நிற்கின்றன; பேரூர் புதுச்சரக்கு இல்லை. ஊருக்கும் நகருக்கும் இடையில் என்பதை அந்தச் சொல் தானாகவே சொல்லிவிடுகிறது. ஊரைக் குறிக்க ‘சந்தைப் பேரூர்’, அமைப்பைக் குறிக்க ‘சந்தைப் பேரூராட்சி’. மூன்று படிகளும் பொருந்துகின்றன: வில்லாவுக்கு ஊர், ஃபோருமுக்குப் பேரூர், கிவித்தாஸுக்கு நகரம். ஓர் ஆட்சேபம் வரும். தமிழ்நாட்டுப் பேரூராட்சிக்கும் ஊராட்சிக்கும் சட்டத்தில் அதிகார வேறுபாடு உண்டு, பவேரியாவில் இல்லையே? உண்மை. அதை அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடலாம். இன்னோர் ஆட்சேபம் இலங்கை வாசகரிடமிருந்து: மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று பழகியவருக்குப் பேரூராட்சி அந்நியம். அதனால்தான் ‘ஆட்சி’யைத் தேவையான இடத்தில் மட்டும் வைத்து, மற்ற இடங்களில் பேரூர் என்றே எழுதச் சொல்கிறேன். பேரூர் எங்கும் விளங்கும்.

இதே கட்டுரைகளில் தொங்கும் வேறு சொற்களையும் தொட்டுவிடுகிறேன். ‘பியூர்கர்மைஸ்டர்’ எல்லாம் ‘மேயர்’ ஆகிவிடுகிறார். நம் வழக்கில் மேயர் மாநகராட்சிக்கு உரியவர், இருபது உறுப்பினர் மன்றத்துக்குத் தலைமை தாங்கும் மிட்டன்வால்ட்காரரைப் பேரூர்த் தலைவர் என்றால் போதும். ஃப்ரைசிங் ஆயர்களை ‘இளவரசர் பிஷப்’ என்று எழுதுகிறார்கள். எந்த அரசருக்கு மகன்? அந்தப் பட்டத்தின் ஜெர்மன் மூலத்தில் வரும் ‘ஃபியூர்ஸ்ட்’ என்றால் நாடாள்பவர். ஆளும் ஆயர் என்று எழுதினால் குழப்பம் இல்லை.

ஊர்ப்பெயரில் ஒட்டிய மார்க்டை மட்டும் யாரும் பெயர்க்க வேண்டாம். ஆல்கோய் பகுதியில் மார்க்டோபர்டோர்ஃப் என்று ஓர் ஊர் இருக்கிறது. பிரித்துப் பெயர்த்தால் ‘சந்தை மேலூர்’. சட்டப்படி அது சந்தைப் பேரூரும் இல்லை, ஊரும் இல்லை. நகரம்.