வார்டு வாடை பழகுமா?

வார்டு போஸ்டிங் தொடங்கிய முதல் வாரத்தில் நர்சிங் மாணவிகள் சீனியரைத் தனியே நிறுத்திக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "அக்கா, இந்த வாடை எப்போது பழகும்?" பெட்பேன் எடுத்தால் குமட்டுகிறது, சீழ் வடியும் காலைப் பார்த்த அன்று மதியம் சோறு இறங்கவில்லை என்று ஆசிரியையிடம் சொல்லக் கூச்சம். சேவை மனப்பான்மை இல்லாத பெண் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயம் தேவையே இல்லை. குமட்டல் நரம்பின் வேலை. அந்த நரம்பு நடந்துகொள்ளும் விதம் தெரிந்தால் அதைப் பழக்கவும் முடியும்.

மூக்கின் உட்கூரையில் சில சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள மெல்லிய சவ்வு இருக்கிறது. காற்றில் மிதந்துவரும் மூலக்கூறுகள் அதிலுள்ள ஏற்பிகளில் ஒட்டிக்கொள்கின்றன. மனிதருக்கு ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள். இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் இருவரும் 1991-ல் கண்டறிந்தார்கள். 2004-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. பார்வையும் ஒலியும் தலாமஸ் என்ற இடைநிலையத்தில் நின்றுதான் மூளைப் புறணிக்குப் போகின்றன. வாசனைக்கு அந்த நிறுத்தம் கிடையாது. மூக்குக்கு மேலே மூளையின் அடியில் இருக்கும் முகர்வுக் குமிழிலிருந்து நேரே புறணிக்கும், உணர்ச்சிகளோடு நெருங்கிய தொடர்புள்ள அமிக்டலாவுக்கும் செய்தி போய்விடுகிறது. என்ன வாடை என்று பெயர் சொல்வதற்குள் வயிறு புரட்டிவிடுவது இதனால்தான்.

அருவருப்புக்கு மூளையில் முக்கியமான இடம் இன்சுலா. 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், துர்நாற்றத்தை முகர்ந்தபோது இன்சுலாவில் கிளர்ந்த அதே பகுதி, பிறர் அருவருத்து முகம் சுளிப்பதைப் பார்த்தபோதும் கிளர்ந்தது. அருவருப்பு முகத்திலிருந்து முகத்துக்குத் தொற்றும். கட்டுப் பிரிக்கும்போது நோயாளிகள் பெரும்பாலும் தங்கள் காலைப் பார்ப்பதில்லை. பிரிப்பவரின் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மூக்குச் சுருக்கத்தையும் மேலுதடு ஏறுவதையும் மாஸ்க் மறைத்துவிடும், புருவத்தை மறைக்காது. ஆகவே இந்தப் பழக்கம் மாணவியின் வசதிக்கு மட்டுமான விஷயம் இல்லை.

நீரிழிவுப் புண் உள்ள ஒரு காலை எடுத்துக்கொள்வோம். மேல்கட்டு எளிதாக வந்துவிடும். கடைசிக் காஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். சலைன் ஊற்றி, ஊறவிட்டு, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். காஸின் வெளிவட்டம் மஞ்சளாகக் காய்ந்திருக்கும், நடுப்பகுதி ஈரமாக இருக்கும். வாடை ஒரே அலையாக எழுவது அந்த நொடியில்தான். ரத்த ஓட்டம் குறைந்து செத்துப்போன தசையில் ஆக்சிஜன் இல்லை. அங்கே குடியேறும் காற்றில்லா பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்கின்றன. லைசின் என்ற அமினோ அமிலம் கடவெரினாகவும், ஆர்னிதின் என்ற அமினோ அமிலம் பியூட்ரசினாகவும் மாறுகின்றன. இரண்டுமே அழுகல் நாற்றமுள்ள சேர்மங்கள். இந்த இரண்டையும் 1885-ல் விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் லுட்விக் பிரீகர். இவற்றோடு கொழுப்பு அமிலங்களும் கந்தகச் சேர்மங்களும் சேரும். கந்தகச் சேர்மங்கள் இம்மியளவு இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். காஸில் நீலப்பச்சைக் கறையும் திராட்சை போன்ற தித்திப்பான வாடையும் இருந்தால் அங்கே சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா இருக்கக்கூடும்.

இனி பழகுவது எப்படி என்பது. ஒரே வாடை தொடர்ந்து வந்தால் முகர்வு செல்லுக்குள் புகும் கால்சியமே அந்தச் செல்லின் உணர்திறனைக் குறைத்துவிடுகிறது. மூளையும் மாறாத செய்தியைப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது. சில நிமிடங்களில் வாடையின் வேகம் தணிகிறது. வார்டுக்குள் நுழைந்ததும் தாங்காமல் வராந்தாவுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பினால், சுத்தமான காற்றில் மூக்கு பழைய கூர்மையை மீட்டுக்கொள்ளும். முதல் அடியை மறுபடியும் வாங்க வேண்டியிருக்கும். முடிந்தவரை உள்ளேயே நின்று, மெதுவாக மூச்சுவிட்டுக் காத்திருப்பதே நல்லது. மாஸ்கில் தைலம் தடவும் வழக்கம் பல இடங்களில் உண்டு. மென்தால் துர்நாற்றத்தை அழிப்பதில்லை. குளிர்ச்சியை உணரும் வேறொரு நரம்பைத் தூண்டிக் கவனத்தை இழுக்கிறது. அவசரத்துக்கு உதவும், தினமும் பூசிக்கொள்ளச் சொல்ல மாட்டேன். நாளடைவில் தைலத்தின் வாசனையே குமட்டலை நினைவூட்டத் தொடங்கலாம்.

மாதக்கணக்கில் நடக்கும் பழக்கம் வேறு வகை. உடற்கூறு அறையில் சில மாதங்கள் சடலத்தை அறுத்துப் படித்த மருத்துவ மாணவர்களை உளவியலாளர் பால் ரோசின் ஆராய்ந்தார். மரணமும் அறுபட்ட உடலும் தரும் அருவருப்பு அவர்களிடம் குறைந்திருந்தது. மற்ற வகை அருவருப்புகள் அப்படியே இருந்தன. பழக்கம் எதில் நடந்ததோ அதில்தான் பலன். ரத்தத்துக்குப் பழகிய மாணவி கபத்தைக் கண்டு குமட்டினால் அதில் வியப்பு எதுவும் இல்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் கடக்க வேண்டியிருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்ல வேண்டும். 2005-ல் ஒரே மணத்தை 'சீஸ்' என்ற பெயரோடும், 'உடல் நாற்றம்' என்ற பெயரோடும் முகரக் கொடுத்தார்கள். சீஸ் என்று படித்தபோது மக்கள் அதை விரும்பத்தக்கதாக மதிப்பிட்டார்கள். மூளையின் செயல்பாடும் மாறியது. 2006-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தாய்மாரிடம் குழந்தைகள் மலம் கழித்த டயப்பர்களை முகரச் சொன்னபோது, தன் குழந்தையுடையதே குறைவாக அருவருப்பூட்டியது. எது யாருடையது என்று தெரியாதபோதும் அப்படித்தான் இருந்தது. அர்த்தமும் உறவும் வாடையின் மீது இவ்வளவு தூரம் கைவைக்க முடியும். அதனால் மாணவிகளிடம் நான் சொல்வது: அந்தக் காலுக்கு உரியவரின் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், பேசிக்கொண்டே கட்டைப் பிரியுங்கள். மூக்கு எதையோ பிடித்ததும் 'சீ' என்பதற்குப் பதிலாக 'இது என்ன' என்று கேளுங்கள். தித்திப்பா, புளிப்பா, அழுகலா, எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது? கவனிக்கும் வேலை கையில் இருந்தால் ஓடும் எண்ணம் தளர்கிறது.

ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுவது வேறு கதை. இதயத் துடிப்பு முதலில் ஏறும். பிறகு வேகஸ் நரம்பு மிகையாகச் செயல்பட்டுத் துடிப்பைக் குறைத்துவிடும். கால்களின் ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் விழும். கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, கண் மங்கல், காதில் இரைச்சல் ஆகியவை முன்னறிகுறிகள். உடலைத் தளர்த்திக்கொள் என்ற அறிவுரை இந்த நேரத்தில் பொருந்தாது. அழுத்தத்தை ஏற்றத்தான் வேண்டும். சுவீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் உருவாக்கிய பயிற்சி எளிமையானது. கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி வரை, முகத்தில் சூடு ஏறுவது தெரியும்வரை இறுக்க வேண்டும். 20 முதல் 30 விநாடி தளர்த்திவிட்டு மறுபடியும் இறுக்க வேண்டும். இப்படி ஐந்து முறை. காலையில் சாப்பிடாமல் வருவதும், முழங்காலை விறைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பதும் மயக்கத்துக்கு வழிவிடும். கண் இருண்டுவிட்டால் வெட்கப்படாமல் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். தலை தரையில் மோதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

மூக்கை அடக்க வேண்டுமே ஒழிய அணைத்துவிடக் கூடாது. சர்க்கரை நோயாளியின் மூச்சில் வரும் அசிட்டோன் வாடை, ரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவுக்குக் கூடும் கீட்டோஅசிடோசிஸின் எச்சரிக்கை. தார் போன்ற கறுத்த மலத்தின் தனி நாற்றம் இரைப்பை, முன்சிறுகுடல் பகுதியில் ரத்தம் கசிவதைச் சொல்லக்கூடும். ஸ்காட்லாந்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஜாய் மில்னுக்கு, தன் கணவரின் உடல்வாடை மாறியது பார்க்கின்சன் நோய் கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தில், நோயாளிகளும் நோயில்லாதவர்களும் அணிந்த 12 டி-ஷர்ட்களை முகரக் கொடுத்தார்கள். நோயாளிகள் ஆறு பேரையும் சரியாகச் சொன்னார்; நோயில்லாத ஒருவருக்கும் நோய் இருப்பதாகச் சொன்னார். சில மாதங்களுக்குப் பிறகு, நோயில்லாதவர் என்று கருதப்பட்ட அந்த நபருக்கும் அதே நோய் உறுதியானது.

புண்ணின் வாடையைக் கேஸ் ஷீட்டில் எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. கட்டைப் பிரித்ததும் எழும் நாற்றத்தை வைத்து எழுதக் கூடாது. நாள்பட ஊறிய கட்டே நாறலாம். நனைந்த கட்டைப் பையில் போட்டு மூடி, புண்ணைச் சலைனால் கழுவியபின் எஞ்சியிருப்பதுதான் புண்ணின் வாடை. அது நேற்றைவிடக் கூடியிருந்தால் டாக்டரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.