துடுப்பை எண்ணினால் புது இனம் கிடைக்குமா?

ஒரு குட்டையில் பிடித்த மீன் புது இனமா, பழைய இனமா என்று எப்படிச் சொல்கிறார்கள் எனக் கேட்டிருந்தார் ஒரு வாசகர். பழைய வழி சுலபம்தான்: செதிலை எண்ணு, துடுப்பை எண்ணு, தெரிந்த இனங்களோடு ஒப்பிடு. அந்த வழியையே தடுமாற வைத்த மீன் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது.

நெவாடாவின் மொஹாவி பாலைவனத்தில், ஊற்றுகளும் சதுப்புகளும் நிறைந்த ஆஷ் மெடோஸ் வனவிலங்குப் புகலிடம். அதற்கு நடுவே டெவில்ஸ் ஹோல் என்ற பாறைப் பிளவில் தண்ணீர் நிற்கிறது. ஆழம் 130 மீட்டருக்கு மேல், அடியை யாரும் பார்த்ததில்லை. தண்ணீரின் சூடு 33 டிகிரி, ஆக்சிஜனோ குறைவு. ஓரத்தில் ஒரு சின்னப் பாறைத் திட்டு, அதன்மேல் கொஞ்சம் பாசி, அதைத் தின்று பிழைக்கும் பப்ஃபிஷ் என்ற ஓர் அங்குலப் பொடி மீன்கள். உலகத்தில் இந்த இனம் இயற்கையாக வாழ்வது இங்கே மட்டும்தான். 1930-ல் தனி இனமாகப் பெயர் பெற்ற இந்த மீனின் பளிச்சென்ற அடையாளம், அக்கம்பக்கத்து பப்ஃபிஷ்களுக்கு இருக்கும் இடுப்புத் துடுப்பு இதற்கு இல்லை என்பது.

சரி, 1970-களில் சில மீன்களை ஹூவர் அணைக்கு அருகே ஒரு செயற்கைக் குளத்தில் விட்டார்கள். சில வருடங்களிலேயே அங்கே இருந்தவை பெரிதாகி, உடலும் பருத்துவிட்டது! அவ்வளவு சீக்கிரம் மரபணு மாறாதே.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான். 2006-ல் ஷான் லெமா, கேப்ரியல் நெவிட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பக்கத்து ஆற்றின் சாதாரண பப்ஃபிஷ் குஞ்சுகளை எடுத்து அரைவயிற்றுத் தீனியில் வளர்த்தார்கள். தைராய்டு ஹார்மோன் குறைந்தது. தலையும் கண்ணும் உடம்புக்குப் பொருந்தாமல் பெரிதாகவே நின்றுவிட்டன, அதாவது டெவில்ஸ் ஹோல் மீனின் சாயல். வேறு குஞ்சுகளுக்கு மெத்திமசோல் கொடுத்தார்கள், நம் ஊரில் தைராய்டு அதிகம் சுரப்பவர்கள் விழுங்கும் அதே மருந்து. இடுப்புத் துடுப்பு வளரவே இல்லை! தலைப்பிரட்டை தவளையாக மாறவும் இந்த ஹார்மோன்தான் வேண்டும். அது குறைந்தால் இந்த மீனும் பாதிக் குழந்தையாகவே நின்றுவிடுகிறது. பசிதான் உருவத்தைச் செதுக்குகிறது.

அப்படியானால் இது தனி இனமே இல்லையா? இனம்தான், மரபணுவும் வேறுபடுகிறது. ஆனால் எப்போது பிரிந்தது என்பதில் சண்டை: 2016-ல் வந்த ஓர் ஆய்வு ஆயிரம் வருடத்துக்குள் என்கிறது, இன்னொன்று 60,000 வருடம் என்கிறது. துடுப்பை மட்டும் எண்ணிவிட்டு 'புது இனம்' என்று குதிக்காதீர்கள் என்பதே என் கட்சி.

இந்தப் பொடி மீனுக்கு ஏன் இவ்வளவு செலவு என்று அங்கேயும் கேட்கிறார்கள். விவசாயத்துக்கு நிலத்தடி நீரை உறிஞ்சியதில் பாறைத் திட்டு வெளியே தெரிய ஆரம்பித்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1976-ல் மீன் ஜெயித்தது. அப்புறம் டெவில்ஸ் ஹோலைப் போலவே ஒரு பெரிய தொட்டியை ஆஷ் மெடோஸில் கட்டி, அதில் இந்த மீனை வளர்த்தார்கள். வீண் செலவு என்று நான் சொல்லமாட்டேன்: நிலநடுக்க அலைகள் பாசியை அடித்துப் போனதால் 2025 வசந்தகாலக் கணக்கெடுப்பில் 38 மீன்களே தென்பட்டன, அப்போது கொண்டுபோய் விட கையில் மீன் இருந்தது அந்தத் தொட்டியால்தான்.