டயரில் இருக்கும் நான்கு எண்கள்

போன மாதம் ஒரு தம்பி போன் செய்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நல்ல வேலை. இரண்டு கதவு ஜெர்மன் கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார். சென்னையில் பழைய சொகுசுக் கார்களை, வாங்குபவர் சார்பில் சோதித்துக் கொடுப்பதுதான் என் தொழில். போய்ப் பார்த்தேன். பெயின்ட் பளபளத்தது. ஓடியது வெறும் 31,000 கிலோமீட்டர். "அண்ணே, இது 0-100 எவ்வளவு நொடி?" என்பதுதான் தம்பியின் முதல் கேள்வி. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எவ்வளவு நேரம் என்று அர்த்தம்.

நான் பின் சக்கரத்துப் பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டார்ச் அடித்தேன். டயரின் பக்கவாட்டில், சின்ன நீள்வட்டத்துக்குள் 3417 என்று இருந்தது. 2017-ம் ஆண்டின் 34-வது வாரம் தயாரான டயர். தரையைப் பிடிக்கிற பட்டன் பாதிகூடத் தேயவில்லை. ஆனால் நகத்தால் அழுத்தினால் ரப்பர் அமுங்கவில்லை, ஓரத்தில் மயிரிழை போல வெடிப்புகள். வெயிலில் நின்று நின்று இறுகிப்போன டயர் அது. தம்பியைக் கூப்பிட்டு, அவர் விரலையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இந்த டயரோடு மழைநாளில் பிரேக்கை அழுத்தினால் 400 குதிரைத்திறன் காரும் வழுக்கிக்கொண்டுதான் போகும்.

இந்த வகைக் கார் வாங்க வருபவர்கள் என்னிடம் பெரும்பாலும் மூன்று பெயர்களைச் சொல்வார்கள்: பி.எம்.டபிள்யூ. எம்2, போர்ஷே 718 கேமன், ஆடி டிடி. மூன்றுமே முழுதாக இறக்குமதியாகி வந்தவை.

காகிதத்தில் பார்த்தால் எம்2-வை நெருங்க முடியாது. 2024 நவம்பரில் இந்தியாவுக்கு வந்த மாடலில் 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ, 480 குதிரைத்திறன். ஆட்டோமேட்டிக்கில் 4 நொடியில் நூறைத் தொடும். சாதாரண 718 கேமனில் 2 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ, 300 குதிரைத்திறன். கியர்பாக்ஸைப் பொறுத்து 5 நொடி வாக்கில் நூறு. 2015-ல் இந்தியாவுக்கு வந்த டிடிக்கு 230 குதிரைத்திறன், 5.3 நொடி. பட்டியலை இதோடு மூடிவிட்டால் எம்2 ஜெயித்துவிட்டது என்றுதான் தோன்றும்.

ஆனால் எடையையும் பாருங்கள். இப்போதைய எம்2 1,700 கிலோ. கேமன் 1,350 கிலோவை ஒட்டித்தான் வரும், அதிலும் இன்ஜின் நடுவில், ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஏலகிரி கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இரண்டையும் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் இடுப்பிலேயே தெரியும். கேமன் நினைத்த இடத்தில் திரும்பும், எம்2-வை நாம் திருப்ப வேண்டும். ஓட்டுகிற சுகம்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு கேமனுக்கு. 2016-ல் பழைய ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு நான்கு சிலிண்டர் வைத்ததில் சத்தம் செத்துப்போனது என்று பலர் வருத்தப்படுவார்கள். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அதற்காகக் காரை ஒதுக்க மாட்டேன்.

அதே நேரம், வீட்டில் குழந்தை இருந்து, இருப்பது ஒரே கார் என்றால் கேமன் வேண்டாம். இரண்டே சீட். எம்2-வில் பின்னால் இருவர் உட்காரலாம், டிக்கியும் 390 லிட்டர்.

சரி, இப்போது பணம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல், 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் சாலை வரி 20 சதவீதம். 1.03 கோடி ஷோரூம் விலை போட்ட எம்2-வுக்கு வரி மட்டும் ஏறக்குறைய 20 லட்சம். விற்கும்போது இந்தப் பணத்தை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். அதனால்தான் இந்த வகையில் இரண்டாம் கை கார் வாங்குவதை நான் ஆதரிக்கிறேன், தமிழ்நாட்டிலேயே பதிவான காராக இருக்கும் பட்சத்தில். புதுச்சேரி எண்ணோடு மலிவாக வரும் கார் என்றால் நிதானியுங்கள். 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் மறுபதிவு செய்தாக வேண்டும், அப்போது இங்கத்து வரி உங்கள் தலையில்தான் விழும். விலை பேசும்போதே அதைக் கணக்கில் சேருங்கள்.

வாங்கும் விலை பாதியாகலாம். பராமரிப்பு பாதியாகாது. இதைத்தான் நான் எல்லோரிடமும் மன்றாடிச் சொல்கிறேன். நாற்பது லட்சத்துக்குக் கிடைக்கிற பழைய காருக்கும் புதிய காரின் பிரேக் டிஸ்க்தான், புதிய காரின் டயர்தான். எம்2-வின் முன் டயர் 275/35-19, பின் டயர் 285/30-20. முன்னதைப் பின்னால் மாற்றிப் போட முடியாது, ஸ்டெப்னியும் கிடையாது. இரவில் திண்டிவனம் பக்கம் ஒரு பள்ளத்தில் டயர் கிழிந்தால் பஞ்சர் கடைக்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. இழுவை வண்டிதான்.

கேமனைப் பார்க்கும்போது முன் பம்பரின் இரு பக்கத் திறப்பிலும் டார்ச் அடியுங்கள். ரேடியேட்டரும் ஏ.சி. கண்டென்சரும் அங்கேதான் இருக்கின்றன. இலை, மண், பூச்சி எல்லாம் போய்ச் சேர்ந்து, ஈரம் தங்கி அரிக்கும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஒரு காரில் அரை முறம் வேப்பஞ்சருகை எடுத்திருக்கிறேன். பம்பரைக் கழற்றி வருடம் ஒருமுறை சுத்தம் செய்தால் போதும், யாரும் செய்வதில்லை. இன்ஜின் நடுவில் இருப்பதால் மேலிருந்து எட்டுவதும் கஷ்டம், சின்ன வேலைக்கும் கூலி ஏறும்.

விலைக்கு அதிகம் திருப்பித் தருவது டிடி என்பது என் அபிப்பிராயம். புதிதில் 60 லட்சத்தைச் சற்றுத் தாண்டிய கார். அதன் 2 லிட்டர் இன்ஜின் குடும்பம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரிலும் இருப்பதால், கை பழகிய மெக்கானிக்குகள் ஊரில் கிடைப்பார்கள். பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் ஹால்டெக்ஸ் கப்ளிங்கின் ஆயிலை மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். விட்டுவிட்டால் உள்ளே வடிகட்டி அடைத்து, பம்ப் போய்விடும். நான்கு சக்கர இழுவை வேலை செய்யாததே தெரியாமல் வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு. 2023-ல் டிடி தயாரிப்பு நின்றுவிட்டது. அதனால் கண்ணாடி, விளக்கு, பாடி பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டி வரலாம்.

அப்புறம், எந்தக் காரானாலும் 2015 வெள்ளமும் 2023 மிக்ஜாம் புயலும் பார்த்த ஊர் இது. சீட்டை முன்னால் தள்ளி, சீட் நகரும் தண்டவாளத்தின் அடியில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கி விரிப்பைத் தூக்கி, மூலைகளில் விரலை விடுங்கள். மெல்லிய சேறு எத்தனை முறை கழுவினாலும் அங்கே ஒட்டியிருக்கும். பெட்ரோல் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் படியுங்கள், எத்தனை சதவீத எத்தனால் வரை அந்தக் கார் தாங்கும் என்று தெரிந்துவிடும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம்.

தம்பி அந்தக் காரை வாங்கவில்லை. டயர், பிரேக், கியர்பாக்ஸ் ஆயில் என்று நான் எழுதிக் கொடுத்த தொகையை விற்பவர் குறைக்க மறுத்துவிட்டார். நேற்று தம்பி கோயம்புத்தூரிலிருந்து நான்கு படங்கள் அனுப்பியிருந்தார். வேறொரு காரின் நான்கு டயர்கள், ஒவ்வொன்றிலும் அந்த எண் தெளிவாக. மூன்று ஒரே வாரத்தில் செய்தவை, முன் இடது மட்டும் புதிது. அந்த ஒன்றை ஏன் மாற்றினார்கள் என்று கேட்கச் சொல்லியிருக்கிறேன். பதில் வந்ததும் சனிக்கிழமை கிளம்புகிறோம்.