எரிந்தால் கழுவுங்கள், பொறுத்துக்கொள்ளாதீர்கள்

“முகத்தில் என்ன தடவினீர்கள்?” என்று கேட்டால் “ஒன்றுமே இல்லை டாக்டர்” என்பதுதான் முதல் பதில். சோப்பு மாற்றினீர்களா? இல்லை. புதிய கிரீம்? இல்லை. மருந்துச் சீட்டு எழுதத் தொடங்கும்போது மெதுவாக வரும்: “தோட்டத்துப் பூவில் நானே செய்த கிரீம் மட்டும்தான். அது இயற்கைதானே.” கடையில் வாங்காதது எதுவும் கணக்கில் சேராது போலிருக்கிறது.

சென்ற வாரம் வந்த பெண்மணிக்கு இமைகள் வீங்கிக் கண்ணே திறக்கவில்லை. கன்னமெல்லாம் சிவந்த தடிப்பு. காதோரம் நீர் கசிந்து காய்ந்த பொருக்கு. சாமந்தி இதழை அரைத்துச் செய்த கிரீம். தடவிய சில நாட்களிலேயே எரிந்திருக்கிறது. ஏன் நிறுத்தவில்லை என்றேன். “எரிந்தால் உள்ளே இருக்கும் கெட்டது வெளியே வருகிறதாம். முதலில் அப்படித்தான் இருக்குமாம்” என்றார். இதே பதிலை எத்தனையோ பேரிடம் கேட்டுக் கேட்டு என் பொறுமை தீர்ந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

கெட்டது எதுவும் வெளியே வரவில்லை. உடலின் நச்சுகளைக் கழிக்கும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. தோலுக்கு அந்தப் பொறுப்பு இல்லை. வியர்வை பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான், அது வருவது உடலைக் குளிர்விக்க. எரிச்சல் என்பது தோலின் நரம்பு முனைகள் எழுப்பும் கூக்குரல். சிவப்பு என்பது அழற்சி. கொப்புளத்துக்குள் இருப்பது நச்சு நீர் அல்ல, உங்கள் ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த திரவம். உரிந்து விழுவதும் பழைய அழுக்கல்ல, புண்பட்ட தோல். பருவுக்குத் தரும் ரெட்டினாய்டு மருந்தில் ஆரம்ப வாரங்களில் பரு கொஞ்சம் கூடிப் பிறகு அடங்குவது உண்டு. அந்த ஒரு மருந்தின் குணத்தைக் கொண்டுவந்து பூ விழுதுக்கு ஒட்டவைத்தது யாரோ! அந்த மருந்திலும்கூட, வீங்கினாலோ கொப்புளம் வந்தாலோ நிறுத்தத்தான் சொல்வோம். மறுபடியும் சொல்கிறேன்: எரிந்தால் அது வேலை செய்யவில்லை, காயப்படுத்துகிறது.

“மாதக்கணக்கில் தடவினேன், அப்போதெல்லாம் ஒன்றும் ஆகவில்லையே” என்பது அடுத்த வாதம். ஒவ்வாமை வருவதே அப்படித்தான். உடல் ஒரு பொருளைப் பகையாகக் குறித்துக்கொள்ள நாட்களும் ஆகலாம், வருடங்களும் ஆகலாம். குறித்துக்கொண்ட பிறகு எப்போது பட்டாலும் ஓரிரு நாளில் தடித்துவிடும். பெரும்பாலும் அது ஆயுளுக்கும் மாறாது.

சாமந்தி, காலண்டுலா, கெமோமில், துலுக்கச் சாமந்தி எல்லாம் சூரியகாந்திக் குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு அதன் உறவுகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆகவே “சாமந்திதானே சேரவில்லை, கெமோமில் போட்டுப் பார்க்கிறேன்” என்ற ஆராய்ச்சி வேண்டாம். லாவெண்டர் எண்ணெயின் சிக்கல் வேறு. அதிலுள்ள லினலூல் என்ற மணப்பொருள் காற்றுப்பட்டு மாறும்போதுதான் ஒவ்வாமையைத் தூண்டும் பொருளாகிறது. திறந்து நெடுநாள் வைத்திருந்த பழைய புட்டி புதியதைவிட மோசம். இத்தகைய வாசனை எண்ணெய்களை நேரடியாகத் தோலில் ஊற்றுவதைத் தயவுசெய்து விடுங்கள். முகத்துக்கு 100 மில்லி எண்ணெயில் 1 மில்லி கலந்தாலே அதிகம்.

எலுமிச்சைக்குத் தனிப் பத்தி வேண்டும். சாற்றின் பி.எச். (புளிப்பைக் காட்டும் எண்; எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஏறக்குறைய 2, நம் தோலின் மேற்பரப்பு 5ஐ ஒட்டியது. அந்தப் புளிப்பே போதும் எரிக்க. அதைவிடப் பெரிய ஆபத்து, சாறு பட்ட தோலில் வெயில் படுவது. சாற்றிலும் பழத்தோலிலும் உள்ள ஃபியூரோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் வெயிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்து தோலைப் பொசுக்கிவிடும். உடனே தெரியாது, இரண்டு மூன்று நாளில் கொப்புளமும், பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் கருமையும் வரும். நிறம் வெளுக்கத் தடவியவர் கறுத்துப் போய் வந்து நிற்பார். இந்தப் புண்ணைப் பார்த்த மாத்திரத்தில் எங்களுக்குத் தெரிந்துவிடும்: சாறு வழிந்த தடத்திலேயே கோடு கோடாக இருக்கும். சாறு பட்ட கையால் தூக்கிய குழந்தையின் முதுகில் ஐந்து விரலும் பதிந்திருக்கும். அடித்த தழும்பென்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. அத்தி மரப் பால், செலரி, அருவதா ஆகியவற்றுக்கும் இதே குணம்.

அந்தப் பெண்மணி கிரீம் சீசாவையும் கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்தேன். உள்பக்கம் முத்து முத்தாக நீர்த்துளி; ஓரத்தில் சாம்பல் பச்சை நிறத்தில் மெல்லிய ரோமம் போல் பூஞ்சை வளையம். “அது இதழ்த் தூள் என்று நினைத்தேன்” என்றார். தண்ணீர் சேர்ந்த எந்தக் கலவையிலும் கிருமி வளரும். பூஞ்சையாவது கண்ணுக்குத் தெரியும். சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியா நிறமும் மணமும் மாறுவதற்கு முன்பே பெருகிவிடும். வைட்டமின் ஈ சேர்த்தால் கெடாது என்கிறார்கள். அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கிருமியை ஒன்றும் செய்யாது.

செய்யவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. பூச்சிமருந்து படாத இதழை ஈரம் துளியும் இல்லாமல் காயவைத்து, எண்ணெயில் ஊறவைத்து வடிகட்டினால் பெரும்பாலோருக்குத் தொல்லை இருக்காது. தண்ணீர் சேர்த்ததை அன்றைக்குச் செய்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்; குளிர்சாதனப் பெட்டியில் வைத்தாலும் இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். கற்றாழை மடலை வெட்டியதும் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பால் முழுவதும் வடிந்த பிறகு, கழுவி, உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுங்கள். பூண்டை அரைத்துத் தோலில் கட்டாதீர்கள். அது வெந்த புண்ணையே உண்டாக்கும். பெயர் தெரியாத செடியையும் பால் வடியும் செடியையும் தொடவே வேண்டாம். கள்ளி வகைப் பால் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு.

எதையும் முகத்தில் போடும் முன் முழங்கை மடிப்பில் ஓரிடத்தில் தினம் இருமுறை, குறைந்தது ஏழு நாள் தடவிப் பாருங்கள். ஓர் இரவு தடவிவிட்டுக் காலையில் “ஒன்றும் ஆகவில்லை” என்பது சோதனையே இல்லை. கைக்குழந்தைகளுக்கு மட்டும் எதுவும் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தத் தோல் மெல்லியது, எரிகிறதென்று சொல்லவும் அதற்கு வாயில்லை.

எரிந்தால் உடனே சாதாரணத் தண்ணீரில் கழுவுங்கள். அதை ஆற்ற இன்னொரு இலையை அரைக்காதீர்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஸ்டெராய்டு களிம்பையும் எடுக்காதீர்கள். அதை முகத்தில் கண்டபடி போட்டு வந்தவர்களுக்கு மருத்துவம் பார்ப்பது தனிக் கதை. உதடோ நாக்கோ வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மற்றபடி மருத்துவரிடம் வரும்போது சீசாவைத் தூக்கி எறியாமல் எடுத்து வாருங்கள், என்னென்ன சேர்த்தீர்கள் என்று எழுதியும் வாருங்கள். எந்தப் பொருளுக்கு பேட்ச் டெஸ்ட் (பொருளைத் தோலில் ஒட்டிவைத்து ஒவ்வாமை பார்க்கும் சோதனை) செய்ய வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வோம்.